மைக்கில் நான் விற்ற பால்மாவு

எழுத எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. பத்தாம் வகுப்பு வரைதான் படித்தேன், அதிலும் கணக்கில் தேறவில்லை. கடையில் நாலு பேர் நின்றால் அவர்கள் போகும்வரை ஒதுங்கி நின்று, அப்புறமும் கேட்கக் கூசி, கடைக்காரரே “என்னங்க வேணும்” என்று கேட்கும்வரை வாயைத் திறக்காத ஆள் நான். அப்படிப்பட்டவன் முன்பின் தெரியாதவர்கள் படிக்கும்படி எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

ஆனால் எழுபதுகளில் காரைக்காலைச் சுற்றியுள்ள ஊர்களில் என் குரலைக் கேட்காத வீடு இருந்திருக்காது. பள்ளிக்கூடத்தை விட்டதும் ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவது, ஒயர் சுருட்டுவது, பேட்டரி தூக்குவது. விளம்பர வண்டியில் பேசுகிறவர் ஒரு நாள் தொண்டை கட்டிப்போய் வரவில்லை. முதலாளி காகிதத்தை என் கையில் திணித்தார்.

“படிக்கத் தெரியுமில்ல? ஏறு வண்டியில.”

“ஆளுங்கல்லாம் பாப்பாங்க முதலாளி.”

“பாக்கட்டுமே. பொண்ணு பாக்க வந்த மாதிரில்ல நெளியிற.”

அப்படிச் சொன்னாலும், அவரே ஒரு பழைய போர்வையை எடுத்து ஜீப்பின் பின்பக்கத்தில் திரைபோலக் கட்டிவிட்டார். அதற்குள் உட்கார்ந்து மைக்கை வாயருகில் பிடித்ததும் என்ன ஆயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குரல் நடுங்கவில்லை. யார் முகமும் தெரியாததால் எல்லோரிடமும் பேச முடிந்தது. அன்றிலிருந்து அந்த வேலை என்னுடையதாகிவிட்டது.

சினிமாவில் படம் மாறுவது, ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கொம்யூன் என்று எங்கள் பக்கம் சொல்லும் பஞ்சாயத்தின் வீட்டு வரி, காலரா ஊசி, ரேஷனில் மண்ணெண்ணெய் வந்தது, ஊர்ப் பெரியவர் ஒருவரின் சாவு என்று எல்லாவற்றுக்கும் அதே மைக், அதே குரல். காலையில் சர்க்கார் காகிதம் வரும், சாயங்காலம் சோப்புக் காகிதம் வரும். எனக்குக் காகிதம்தான் மாறியது. கேட்கிறவர்களுக்கு அது மாறியது தெரியுமா என்று நான் யோசித்ததே இல்லை. காரைக்கால் சின்ன இடம், எந்தப் பக்கம் போனாலும் சீக்கிரமே தமிழ்நாடு வந்துவிடும். அங்கே பேச வேறு போலீசிடம் அனுமதி வாங்க வேண்டும். எல்லை வந்ததும் டிரைவர் அண்ணன் தகரத்தில் இரண்டு தட்டு தட்டுவார். பாதிப் பேச்சில் வாயை மூடிக்கொள்வேன்.

ஒரு ஐப்பசியில் புயல் எச்சரிக்கைக் காகிதத்தோடு மண்டபத்தூருக்குப் போனோம். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

“கடல் கண்ணாடியாட்டம் கெடக்கு, மைக்குக்காரரு பூச்சாண்டி காட்ட வந்துட்டாரு” என்று கரையில் யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தது திரைக்குள் எனக்குக் கேட்டது. ஆனாலும் வலையையும் கட்டுமரத்தையும் மேட்டுக்கு இழுத்துவிட்டார்கள். இரண்டாம் நாள் புயல் அடித்தது. குடிசைகள் போயின, ஆள் ஒருவரும் போகவில்லை. அடுத்த முறை வண்டி அங்கே போனபோது ஒரு பெண் வந்து போர்வையை விலக்கி, ஓலையில் சுற்றிய மீனை என் மடியில் வைத்தாள்.

“நீங்க சொல்லித்தான் எங்க வீட்டு ஆளு அன்னிக்கிக் கடலுக்குப் போவல.”

நான் சொல்லவில்லை, காகிதத்தில் இருந்ததை வாசித்தேன் என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. மீனை வாங்கிக்கொண்டேன். அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அதற்கடுத்த மாசியில்தான் பால்மாவுக் கம்பெனியின் ஆள் மெட்ராசிலிருந்து வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் தோல்பை. கூடவே வெள்ளைப் புடவை கட்டிய இரண்டு பெண்கள். அவர்கள் நர்சுகள் இல்லை, கம்பெனிக்கு வேலை பார்க்கிறவர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஊர்ப் பெண்கள் எழுந்து நின்று “வாங்க டாக்டரம்மா” என்றார்கள். அந்தப் பெண்களும் அதை மறுக்கவில்லை.

முதல் நாள் நான் வாசித்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

“தம்பி, வரி கட்டச் சொல்ற மாதிரி இருக்கு. வீட்டுப் பொண்ணுங்ககிட்ட பேசுற மாதிரி பேசணும். கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?”

“ஒரு தங்கச்சிங்க.”

“அவங்களுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க. அவ்வளவுதான்.”

அதனால் காகிதத்தில் இல்லாத ஒரு வரியை நானே சேர்த்தேன். “என் கூடப்பிறந்த தங்கச்சிக்குச் சொல்வதுபோலச் சொல்கிறேன் அம்மா. தாய்ப்பாலைவிட உயர்ந்த சத்து. குழந்தை கொழுகொழுவென்று வளர இன்றே வாங்குங்கள்.” திரைக்கு வெளியே அந்த ஆள் கைதட்டினார். பிறகு ஒவ்வொரு ஊரிலும் அந்த வரியைச் சொன்னேன். அதைச் சொல்லும்போது என் குரல் இளகும். மனசிலிருந்து வந்ததால் அது நடிப்பும் இல்லை.

என் தங்கச்சியைச் சுரக்குடியில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை குத்தகை நிலத்தில் நெல் பயிரிடுகிறவர். அதிகம் பேச மாட்டார், நல்ல மனிதர். தையில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. தலைப்பிள்ளை, கொஞ்சம் பூஞ்சையான உடம்பு. அழும்போது குரல் மட்டும் பெரிதாக இருக்கும். “மாமன் குரலு, மைக்கே வேணாம்” என்று தங்கச்சி சொல்வாள். தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தும்போது போடச் சிறிதாக ஒரு ஜோடித் தோடு வாங்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பால்மாவு வண்டி சுரக்குடிக்குப் போன அன்று போர்வை ஓட்டை வழியாகப் பார்த்தேன். தங்கச்சி தோளில் பிள்ளையோடு வாசலில் நின்றாள். “என் கூடப்பிறந்த தங்கச்சிக்கு” என்று குழாய் சொன்னதும் பக்கத்து வீட்டுப் பெண்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் முகத்தில் அவ்வளவு வெளிச்சம். ஊரெல்லாம் கேட்க அண்ணன் தன்னைச் சொன்னதாக நினைத்துக்கொண்டாள்.

அன்று மாலை கம்பெனி ஆள் எனக்கென்று கொடுத்த டப்பாவை எடுத்துக்கொண்டு சைக்கிளில் அவள் வீட்டுக்குப் போனேன். டப்பாவின் மேல் கன்னம் பிதுங்கச் சிரிக்கும் குழந்தைப் படம். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள்.

“வாங்க மைக்கு மாமா. வண்டியில அந்தப் பேச்சு பேசுறீங்க, எங்களக் கண்டா மட்டும் ஏன் தரையப் பாக்குறீங்க?”

“விடுங்கடி, எங்கண்ணனுக்கு வெக்கம்” என்றாள் தங்கச்சி. டப்பாவை இரண்டு கையாலும் வாங்கி, அந்தப் படத்தையும் தன் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“அண்ணே, இது நெசமாவே நல்லதா?”

எனக்கு என்ன தெரியும்? கம்பெனிக்காரர்கள் சொல்கிறார்கள், எனக்குத் தெரியாது என்று ஒரு வரி சொன்னால் போதும். அவ்வளவு பெண்கள் முன்னால், அவள் அப்படி நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த வரி வரவில்லை.

“ம்” என்றேன்.

அவள் மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். “தம்பி எடுத்தாந்தது தாய்மாமன் சீராட்டம் இருக்கட்டும். சாமி படத்துக்கிட்ட வை” என்றார். டப்பாவுக்குக் குங்குமப் பொட்டு வைத்தார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பத்து நாள் கழித்துப் போயிருந்தபோது தங்கச்சி வாசல் வரைக்கும் வந்து, “அண்ணே, திருநள்ளாறு பக்கம் வண்டி போனா நாலு முழம் மல்லி வாங்கியா. நெருக்கமாக் கட்டுனதா இருக்கட்டும்” என்றாள். கோயில் வாசலில் நல்ல பூ கிடைக்கும். பிள்ளை பெற்ற பிறகு அவள் பூ வைத்து நான் பார்க்கவில்லை, இப்போது ஆசைப்படுகிறாள் என்று எனக்குச் சந்தோஷம். நாலு முழம் கேட்டவளுக்கு ஆறு முழமாக வாங்கினேன். வாழை இலையில் சுற்றி, வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று நாள் அதே மாதிரி. மூன்று நாளும் அவள் தலையில் பூ இல்லை. சாமிக்கு வைத்திருப்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

பால் கட்டிக்கொண்டால் வற்றவைக்க மல்லிகையை மார்பில் வைத்துக் கட்டுவது பெண்களுக்குத் தெரிந்த வழக்கம். பிள்ளை இறந்து பிறந்த வீட்டில், பால் மறக்கடிக்கிற வீட்டில் செய்வார்கள். ஆம்பிளைகள் காதில் அது விழாது, எனக்கும் பின்னால்தான் தெரிந்தது. கல்யாணமாகாத எனக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? இரண்டு பால் ஒரே வயிற்றில் சேர்ந்தால் ஒத்துக்கொள்ளாது, மாந்தம் பிடித்துவிடும் என்று மாமியாரும் அவளும் பயந்திருக்கிறார்கள். எது உசத்தியோ அதை வைத்துக்கொள்வோம், மற்றதை நிறுத்துவோம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். எது உசத்தி என்பதுதான் ஊரெல்லாம் கேட்கும்படி சொல்லப்பட்டிருந்ததே.

அவளுக்குப் பால் நன்றாக இருந்தது. அதை வற்றவைக்கப் பூ வாங்கிக் கொடுத்தவன் நான்.

சித்திரை பிறந்தது. வாய்க்காலில் தண்ணீர் இல்லை, குளம் சேறாகக் கிடந்தது. அவள் வீட்டில் போய் உட்கார்ந்திருந்தபோது பால் கரைத்தாள். மாப்பிள்ளை கடையில் வாங்கிவந்த புது டப்பாவுக்குள் இருந்த கரண்டியில் ஒரே ஒரு கரண்டி மாவு, அதுவும் தலை தட்டி. பெரிய லோட்டா நிறையத் தண்ணீர். கலக்கியதும் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. டப்பாவின் பக்கத்தில் இங்கிலீஷில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். நாலு கரண்டி என்று இருந்தது. அதுவும் அதைவிடக் கொஞ்சமான தண்ணீருக்கு.

“நாலு போடணும் போலருக்கே” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

தங்கச்சி சிரித்தாள். “நாலா? புள்ள தாங்குமாண்ணே? அவ்வளவு சத்து. அந்த டாக்டரம்மாதான் சத்து, சத்துன்னு அத்தன தடவ சொன்னாங்களே. மருந்தாட்டம் கொஞ்சமாத்தான் குடுக்கணும்.”

மாமியாரும், “ஆம்பளைக்கி என்னம்மா தெரியும் இதுல?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கேலியாகத்தான் சொன்னார். நான் தரையைப் பார்த்தேன். குழந்தை பாட்டில் ரப்பரை அவசர அவசரமாக உறிஞ்சியது. அப்போதே எழுந்து அந்த லோட்டாவைக் கவிழ்த்திருக்கலாம். ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரே வழி போர்வைக்குப் பின்னால் உட்கார்ந்து சொல்வதுதான். அந்த மைக் அந்த வாரம் முழுவதும் பால்மாவுக்கு வாடகையாகப் போயிருந்தது. வாய் கம்பெனிக்காரர்களுடையதாக இருந்தது என்று சொல்வது சுலபம். நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த வீட்டில் இருந்தது என் சொந்த வாய்தான்.

வைகாசியில் குழந்தைக்கு வயிறு போக ஆரம்பித்தது. முதலில் மந்திரித்தார்கள், வேப்பெண்ணெய் தடவினார்கள். முகம் ஊதினாற்போல இருந்ததை மாமியார் சதை போட்டிருக்கிறது என்று நினைத்தார். டப்பாப் படத்தைப்போலக் கன்னம் வருகிறது என்று தங்கச்சியும் ஒரு நாள் என்னிடம் சொன்னாள். கை கால் மட்டும் குச்சியாக இருந்தது. அழும் சத்தம் குறைந்துகொண்டே போனது. பெரிய குரலில் அழுத பிள்ளை, கடைசியில் பூனைக்குட்டி மாதிரி முனகியது. மாப்பிள்ளை வண்டி கட்டிக்கொண்டு காரைக்கால் ஆஸ்பத்திரிக்கு வந்தார். சேதி தெரிந்து கடையிலிருந்து ஓடினேன்.

நர்சம்மா குழந்தையைப் பார்த்துவிட்டுத் தங்கச்சியிடம், “தாய்ப்பால் குடும்மா, உடனே குடு” என்றார்.

“வத்திப்போச்சுங்க.”

“நாலு மாசத்துல எப்படிம்மா வத்தும்?”

“பூ வச்சுக் கட்டிட்டோங்க.”

நர்சம்மா குழந்தையின் துணியை இழுத்துவிட்டார். பிறகு, “யாரும்மா உன்ன அப்படிச் செய்யச் சொன்னா?” என்று கேட்டார். அவர் குரலில் அதட்டல்கூட இல்லை. அழுதுவிடுவார் போலிருந்தது.

நான் தங்கச்சிக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

“மைக்குல சொன்னாங்க” என்றாள்.

அண்ணன் சொன்னான் என்று அவள் சொல்லவில்லை. அன்று மட்டுமில்லை, இன்று வரைக்கும் சொன்னதில்லை. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாளா, அல்லது அவள் கேட்டது மைக்கைத்தான், அதற்குள் இருந்தது அண்ணன் இல்லை என்று நிஜமாகவே நினைத்தாளா? எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் வரவில்லை. பூ யார் வாங்கிக் கொடுத்தது என்பதையும் நாங்கள் இரண்டு பேரும் ஒருநாளும் பேசியதில்லை.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் ஊசி குத்தினார்கள், தண்ணீர் ஏற்றினார்கள். அவர்கள் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அந்தப் பால்மாவுக்கு நான் ஒரு ஊரில் மட்டும் பேசவில்லை. திருநள்ளாறிலிருந்து கடற்கரை வரைக்கும், எல்லை வரைக்கும் பேசினேன். மண்டபத்தூரில் என் மடியில் மீனை வைத்தாளே, அவள் வீட்டில் கைப்பிள்ளை இருந்ததா? அவளும் வாங்கினாளா? எத்தனை வீட்டில் பூ கட்டினார்கள்? எத்தனை வீட்டில் ஒரு கரண்டி போட்டார்கள்? போய்க் கேட்கவில்லை. பிறகு எந்த ஊருக்குப் போனாலும், திறந்த கதவு வழியாக அடுப்படி மாடத்தில் அந்த டப்பா தெரியும். உப்போ புளியோ போட்டு வைத்திருப்பார்கள். கொழுத்த குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். அது இருக்கிற வீட்டில் பிள்ளைச் சத்தம் கேட்கிறதா என்று காது தானாகப் போகும். கேட்டால் கொஞ்சம் மூச்சு விடுவேன். கேட்காவிட்டால், பிள்ளை தூங்குகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது மைக் வண்டிக்கு அவ்வளவு வேலை இல்லை. எண்பதுகளில் டிவி வந்துவிட்டது. தங்கச்சி வீட்டுக்கு எதிர்வீட்டில் வாங்கியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்கத் தெருவே அங்கே போய் உட்காரும், தங்கச்சியும் அவளுடைய இரண்டு பையன்களும் போவார்கள். ஒரு தடவை நானும் போய்ப் பின்னால் நின்றேன். படத்துக்கு நடுவில் ஒரு குழந்தை தவழ்ந்து வந்தது, ஒரு டப்பா வந்தது, பாட்டு வந்தது. வேறு கம்பெனியாக இருக்கலாம். கூட்டத்தில் ஒரு சின்னப் பெண், முதல் பிள்ளை மடியில் இருந்தது, பக்கத்தில் இருந்தவளிடம், “டிவிலயே சொல்றாங்க, பாத்தியாக்கா” என்றாள். தங்கச்சி திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் படம் ஆரம்பித்துவிட்டது, எல்லோரும் “உஷ்” என்றார்கள். அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு ஜீப்புக்குப் பின்னால் ஓடிப்போய் நிறுத்தச் சொல்லலாம். வீட்டுக்கு வீடு ஏறி வருவதை எங்கே போய் நிறுத்துவது? எனக்கு ஒன்றும் நம்பிக்கை இல்லை. இதை எழுதினால் யாராவது நாலு கரண்டியைப் பற்றி யோசிப்பார்கள் என்றும் நான் நினைக்கவில்லை.

மிச்சத்தையும் சொல்லி முடித்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் குழந்தை போய்விட்டது. துணியில் சுற்றி மாப்பிள்ளை மார்போடு அணைத்துக்கொண்டார், வண்டியில் சுரக்குடிக்கு வந்தோம். பெரியவர்கள் செத்தால் மைக்கில் சொல்வோம். கைப்பிள்ளைக்கு அது கிடையாது. வாய்க்கால் கரையில் குழி வெட்டினார்கள். தாய்மாமன் முதல் மண் போடட்டும் என்று யாரோ சொன்னார்கள், போட்டேன். வீட்டுக்குத் திரும்பியபோது சாமி படத்துக்குப் பக்கத்தில் டப்பா அப்படியே இருந்தது. மாமியார் அதை எடுத்துக் கொல்லைப்பக்கம் கொண்டுபோனார். தங்கச்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து, “சாப்பிட்டியாண்ணே?” என்று கேட்டாள்.

“ம்” என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. திருநள்ளாறில் கூட்டம் இருக்கும் என்பதால் வண்டி சீக்கிரமே வந்தது. காலையில் ஜவுளிக்கடைக் காகிதம், மத்தியானம் பால்மாவுக் காகிதம். இரண்டையும் எழுதியிருந்தபடி வாசித்தேன்.